வாசகர் கேள்வி-பதில்: தேம்ஸ் கரையில் ஒரு டார்செஸ்டர்

சென்ற இதழில், இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதுகையில், தேம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் டார்செஸ்டர் என்னும் சிற்றூரை இரண்டே வரிகளில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஊரைப் பற்றியே விரிவாக எழுதுமாறு வாசகர்கள் பலர் கேட்டிருப்பதால், இம்மாதப் பகுதி முழுவதும் அதற்கே ஒதுக்கப்படுகிறது.

கேள்வி: டார்செஸ்டர் இங்கிலாந்தின் தென்கோடியில், கடலுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு நகரம் என்றுதான் நான் படித்திருக்கிறேன். தாங்கள் தேம்ஸ் கரையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே? (கும்பகோணம் வாசகர்)

பதில்: அந்தப் பெயரில் இரண்டு ஊர்கள் உள்ளன. தாங்கள் படித்தது டார்செட் மாவட்டத்தின் தலைநகரைப் பற்றி. நான் எழுதியது ஆக்ஸ்ஃபோர்டு நகரத்துக்குத் தென்கிழக்கே சுமார் 14 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிற்றூரைப் பற்றி. குழப்பம் வராமல் இருக்க, இதனை 'டார்செஸ்டர்-ஆன்-தேம்ஸ்' என்று ஆற்றின் பெயரையும் சேர்த்தே அழைக்கிறார்கள். வடகிழக்கிலிருந்து வரும் தேம் என்னும் சிற்றாறு ஊரின் ஓரமாக ஓடி, ஊருக்குத் தெற்கே தேம்ஸுடன் கலக்கிறது. ஊரை ஒட்டி ஓடுவது இந்தச் சிற்றாறுதான்; பெரிய ஆற்றைக் காணப் புல்வெளியைக் கடந்து சிறிது தூரம் நடக்க வேண்டும். வளைந்து செல்லும் ஒரே ஒரு பெரிய தெரு, இருபுறமும் மரச்சட்ட வீடுகள், சிலவற்றின் மேல் வைக்கோல் கூரை, குதிரை வண்டிக் காலத்தில் பயணிகள் தங்கிச் சென்ற ஜார்ஜ், ஒயிட் ஹார்ட் என்னும் இரண்டு விடுதிகள், ஆயிரம் பேர் அளவுக்கு மக்கள். பார்வைக்கு ஊர் இவ்வளவுதான்.

கேள்வி: ஆயிரம் பேர் வாழும் ஊரில் பேராலயம் போன்ற ஒரு கட்டடம் இருப்பதாகச் சொன்னீர்கள். அவ்வளவு பெரியதை அங்கே கட்டியது ஏன்? (பாளையங்கோட்டை வாசகி)

பதில்: ஒரு காலத்தில் அது உண்மையாகவே பேராலயம் இருந்த ஊர்தான். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், போப் முதலாம் ஹொனோரியஸின் அனுமதியோடு பிரினஸ் என்னும் ஆயர் இங்கிலாந்துக்கு வந்தார். நற்செய்தி இதுவரை எட்டாத உள்நாட்டுப் பகுதிகளுக்குப் போக வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். ஆனால் கரையேறியதும் அவர் முதலில் சந்தித்த மேற்கு சாக்சன் மக்களிடையே கிறிஸ்தவம் அறவே பரவியிருக்கவில்லை என்பதைக் கண்டு, வேறெங்கும் போகாமல் அங்கேயே தங்கிவிட்டார் என்று, அடுத்த நூற்றாண்டில் வரலாறு எழுதிய துறவி பீட் பதிவு செய்திருக்கிறார். 635-ஆம் ஆண்டில் மேற்கு சாக்சன் மன்னர் சினிகில்ஸுக்கு பிரினஸ் ஞானஸ்நானம் கொடுத்தார். அப்போது மன்னருக்கு ஞானத்தந்தையாக நின்றவர் வடநாட்டு நார்தம்பிரியாவின் மன்னர் ஆஸ்வால்ட். பின்னர் அவர் சினிகில்ஸின் மகளையே மணந்துகொண்டார். இரு மன்னர்களும் சேர்ந்து டார்செஸ்டரை ஆயரின் இருப்பிடமாகப் பிரினஸுக்கு அளித்தார்கள். சமயமும் அரசியல் கூட்டணியும் ஒன்றாகக் கைகோத்த நிகழ்ச்சி அது. இரண்டில் எதை விட்டுவிட்டாலும் இந்த ஊர் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது விளங்காது.

பிரினஸ் இறந்து சில பத்தாண்டுகளுக்குள் ஆயரின் இருக்கை வின்செஸ்டருக்குப் போனது. அவருடைய எலும்புகளும் அங்கே கொண்டுசெல்லப்பட்டன. ஆனாலும் டார்செஸ்டரின் தகுதி அத்தோடு முடியவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் டேனியப் படையெடுப்பால் வடக்கிலிருந்த மறைமாவட்டங்கள் குலைந்தபோது, ஆயர்கள் மறுபடியும் இங்கே வந்து அமர்ந்தார்கள். தேம்ஸ் முதல் வடக்கே ஹம்பர் ஆற்று முகத்துவாரம் வரை நீண்ட மிகப் பரந்த நிலப்பரப்பு இந்த ஆற்றங்கரை ஊரிலிருந்து ஆளப்பட்டது. நார்மன் வெற்றிக்குப் பின், 1072-ஐ ஒட்டி, ரெமிஜியஸ் என்னும் ஆயர் தம் இருக்கையை லிங்கனுக்கு மாற்றிக்கொண்டார். இன்று உலகம் வியக்கும் லிங்கன் பேராலயத்தின் கதை, ஒரு வகையில் டார்செஸ்டரில் தொடங்குகிறது.

ஆயர் போன பிறகு, 1140-இல், லிங்கன் ஆயர் அலெக்சாண்டர் இங்கே அகஸ்தீனியத் துறவிகளுக்கு ஒரு மடத்தை நிறுவினார். இன்று நாம் காண்பது அந்த மடத்தின் தேவாலயம். துறவிகள் பிரினஸின் திருவெச்சங்கள் தங்களிடமே இருப்பதாக அறிவித்து, அவருக்கு ஒரு சமாதி மேடை அமைத்தார்கள். வின்செஸ்டர்க்காரர்கள் இதனை ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் யாத்திரிகர்கள் வந்தார்கள், காணிக்கை சேர்ந்தது, கட்டடமும் நீண்டுகொண்டே போனது.

கேள்வி: பிரினஸ் வருவதற்கு முன் அங்கே என்ன இருந்தது? வெறும் காடா? (தஞ்சாவூர் வாசகர், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்)

பதில்: காடு இல்லை ஐயா, அவருக்கு நெடுங்காலம் முன்பே மனிதர் விடாமல் வாழ்ந்துவந்த நிலம் அது. பிரினஸுக்குக் கிடைத்ததே பாழ்பட்டிருந்த ஒரு ரோமானியக் கோட்டை ஊர். சில்செஸ்டரிலிருந்து வடக்கே ஆல்செஸ்டருக்குச் சென்ற ரோமானியச் சாலை இந்த வழியாகத்தான் போயிற்று. இரண்டாம் நூற்றாண்டில் மண் அரணும் பின்னர் கல் மதிலும் எழுப்பி, சுமார் பதின்மூன்று ஏக்கர் பரப்பை வளைத்து ஒரு சிறு நகரத்தை ரோமானியர் பாதுகாத்தார்கள். ஆளுநரின் பணியில் இருந்த மார்க்கஸ் வாரியஸ் செவெரஸ் என்னும் அலுவலர், ஜூபிடர் தேவனுக்கு ஒரு பலிபீடத்தையும் அதைச் சுற்றித் தடுப்பையும் தம் செலவில் அமைத்ததாகக் கூறும் கல்வெட்டு, 1731-இல் ஊருக்குள் கண்டெடுக்கப்பட்டது. அப்படி ஓர் அலுவலர் இருந்தார் என்பதே இது சாதாரணச் சந்தை ஊர் அன்று, அரசாங்கத்தின் கண் பட்ட இடம் என்பதைக் காட்டுகிறது. அந்தக் கல் பிற்பாடு தொலைந்து போயிற்று. எழுத்துகளைப் படியெடுத்து வைத்தவர்கள் இருந்ததால், வாசகம் மட்டும் நமக்கு மிஞ்சியிருக்கிறது.

ரோமானியருக்கும் முந்தியது, ஊருக்குத் தெற்கே 'டைக் ஹில்ஸ்' என்று அழைக்கப்படும் இரட்டை மண் அரண். இதன் அமைப்பை வரைபடத்தில் பார்த்தால்தான் அதன் திறமை புரியும். மேற்கிலும் தெற்கிலும் தேம்ஸ், கிழக்கில் தேம் சிற்றாறு. மூன்று பக்கமும் தண்ணீர் காவல். திறந்து கிடந்த வடபுறத்தில் மட்டும் இரண்டு நெடிய மேடுகளையும் அவற்றுக்கிடையே ஆழமான பள்ளத்தையும் அமைத்துவிட்டால், நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் ஒரே கோட்டையாகிவிடும். இரும்புக் காலத்து மக்கள் அதைத்தான் செய்தார்கள். ஆற்றின் அக்கரையில், விட்டனம் கிளம்ப்ஸ் எனப்படும் இரட்டைக் குன்றுகளுள் ஒன்றின் உச்சியிலும் இன்னொரு பழைய மண்கோட்டை இருக்கிறது. மேட்டுக் கோட்டையிலிருந்து ஆற்றங்கரைக் கோட்டைக்கு மக்கள் இறங்கி வந்தார்கள், ரோமானியர் வந்ததும் அதற்கு வடக்கே புதிய ஊர் எழுந்தது என்று, ஒரே பார்வையில் பல நூற்றாண்டு இடமாற்றத்தைக் கண்ணால் காணக்கூடிய இடங்கள் இங்கிலாந்தில் அதிகம் இல்லை.

கேள்வி: எட்டாம் ஹென்றி மடங்களை எல்லாம் இடித்துவிட்டதாகப் படித்தோம். இந்தத் தேவாலயம் மட்டும் எப்படித் தப்பியது? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: இந்த மாதம் வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆண்டு வருமானம் 200 பவுண்டுக்குக் குறைந்த மடங்களைக் கலைக்கும் சட்டம் 1536-இல் வந்தது; டார்செஸ்டர் மடம் அந்த வரம்புக்குச் சற்றே கீழே இருந்ததால் முதல் அலையிலேயே கலைக்கப்பட்டது. அக்காலத்தில் ஒரு மடம் கலைக்கப்பட்டால் என்ன நடக்கும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கூரையின் ஈயத் தகடுகளை உரித்து உருக்குவார்கள். மணிகளை இறக்கி விற்பார்கள். மரமும் கல்லும் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போகும். கூரை போன கட்டடம் சில குளிர்காலங்களைத் தாங்காது. நாடெங்கும் புல்வெளிகளுக்கு நடுவே மொட்டையாய் நிற்கும் மடத்துச் சுவர்கள் அப்படி உருவானவையே.

டார்செஸ்டரில் அது நடவாமல் தடுத்தவர் ரிச்சர்ட் போஃபாரெஸ்ட் என்னும் ஊர்ச் செல்வர். துறவிகளுக்கு உரியதாயிருந்த தேவாலயத்தின் கிழக்குப் பகுதியை 140 பவுண்டு கொடுத்து அவர் விலைக்கு வாங்கி, ஊர்மக்கள் வழிபட்டுவந்த பகுதியோடு சேர்த்துவிட்டார். அந்நாளில் நாட்டைச் சுற்றிப் பார்த்துக் குறிப்பெழுதிய லேலண்ட் இதை வியந்து பதிவு செய்கிறார். மடங்கள் விற்பனைக்கு வந்த அந்த ஆண்டுகளில், கையில் பணம் இருந்தவர்கள் பெரும்பாலும் நிலத்தையும் கல்லையும் தங்களுக்காகவே வாங்கினார்கள் என்பதை நினைத்தால், போஃபாரெஸ்ட் செய்தது எவ்வளவு அரிய செயல் என்பது விளங்கும்.

அவருடைய 1554-ஆம் ஆண்டு உயில் இன்னும் கவனிக்கத்தக்கது. தாம் வாங்கிய மடத்துத் தேவாலயத்தையும் அதன் பொருள்களையும் ஊர்ச்சபைக்கு எழுதிவைத்த அவர், தம் வாரிசுகளின் சம்மதமின்றி அவற்றில் எதையும் விற்கவோ மாற்றவோ பிறருக்குக் கொடுக்கவோ கூடாது என்று ஒரு நிபந்தனையையும் சேர்த்தார். கொடையாளிகள் பலர் கொடுப்பதோடு நின்றுவிடுகிறார்கள். கொடுத்தது பின்வரும் தலைமுறையின் கைகளில் கரைந்து போகாமல் இருக்கவும் வழி செய்தவர் இவர். நம் ஊர்க் கோயில்களுக்கு நிலம் எழுதிவைத்தவர்கள், அந்தத் தருமத்துக்குத் தீங்கு செய்தவன் இன்ன கதியடைவான் என்று கல்வெட்டின் கடைசி வரியில் எச்சரித்ததற்குக் காரணமும் இதே கவலைதான்.

கேள்வி: அந்தத் தேவாலயத்தில் ஒன்றே ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றால் எதைப் பார்க்கச் சொல்வீர்கள்? (சென்னை வாசகி, சிற்பக் கலை மாணவி)

பதில்: பீடத்துக்கு வடபுறச் சுவரில் உள்ள ஈசாய் சாளரத்தை. 'ஈசாயென்னும் அடிமரத்திலிருந்து ஒரு துளிர் தோன்றி' என்னும் ஏசாயா தீர்க்கதரிசியின் வாக்கை, தாவீதின் தந்தை ஈசாயிலிருந்து கிறிஸ்து வரையிலான வமிச மரமாக வரைவது ஐரோப்பியக் கலையில் பழைய வழக்கம். சுவடியிலும் கண்ணாடியிலும் அது ஏராளமாகக் கிடைக்கிறது. டார்செஸ்டர் சிற்பிகள் பதினான்காம் நூற்றாண்டில் செய்தது வேறு. சாளரத்தைத் தாங்கும் கல் சட்டங்களையே அவர்கள் மரமாக்கிவிட்டார்கள். சாளரத்தின் அடிக்கட்டில் ஈசாய் படுத்துறங்குகிறார். அவர் உடலிலிருந்து எழும் அடிமரம் நடுச்சட்டமாக நிமிர்ந்து மேலே போகிறது. அதிலிருந்து இருபுறமும் கிளைகள் வளைந்து பிரிந்து, பக்கத்துச் சட்டங்களைக் குறுக்கே வெட்டிச் செல்கின்றன. கிளை வெட்டும் இடந்தோறும் ஒரு சிறு மனித உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. கல்லுக்கு இடையே உள்ள வண்ணக் கண்ணாடியிலும் வமிசத்தாரின் உருவங்கள் உள்ளன. ஆகவே பாதிக் கதையைச் சிற்பமும் மீதிக் கதையை ஒளியும் சொல்கின்றன. எந்தச் சட்டம் பாரம் தாங்குகிறது, எது அலங்காரம் என்று பிரித்துக் காண முடியாதபடி கொத்தியிருக்கிறார்கள். மரத்தின் உச்சியில் இருந்திருக்க வேண்டிய கிறிஸ்துவின் உருவம் இப்போது இல்லை. தேவாலய உருவங்களை விக்கிரகங்கள் என்று கருதி உடைத்த காலத்தில் போய்விட்டது. சிற்பம் கற்கும் தாங்கள் அந்த வெற்றிடத்தையும் நின்று பார்க்க வேண்டும்.

இரண்டாவதாக ஒன்றைச் சொல்ல அனுமதித்தால், ஞானஸ்நானத் தொட்டியைச் சொல்வேன். 1170-ஐ ஒட்டி ஈயத்தில் வார்க்கப்பட்டது அது. வளைவுகளின் கீழே சுற்றிலும் பதினொரு அப்போஸ்தலர் அமர்ந்திருக்கிறார்கள், யூதாஸுக்கு இடமில்லை. குனிந்து பார்த்தால் ஆடை மடிப்புகள்கூட இன்னும் மழுங்காமல் இருப்பது தெரியும். கூரை ஈயத்துக்காகவே மடங்கள் உரிக்கப்பட்ட காலத்தில், முழுக்க ஈயத்தாலான ஒரு தொட்டி உருக்கப்படாமல் மிஞ்சியிருக்கிறது என்றால், அது ஊரார் காத்தது அன்றி வேறென்ன?

தெற்குப் பக்கத்தில் கால் மேல் கால் குறுக்கிட்டு, வாளை உறையிலிருந்து உருவும் பாவனையில் படுத்திருக்கும் பதின்மூன்றாம் நூற்றாண்டு வீரனின் கல்லுருவத்தையும் தவறவிடாதீர்கள். கல்லறைச் சிலைகள் பெரும்பாலும் கைகூப்பி அமைதியாய்க் கிடப்பவை. இவனோ இப்போதே எழுந்துவிடுவான் போல உடலை முறுக்கிக் கிடக்கிறான்.

கேள்வி: அந்த ஊரில் பாம்பே கிடையாது என்கிறார்களே, உண்மையா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: அது ஊர்வழக்குக் கதை. தேவாலயத்தின் பெரிய மணியோசை கேட்கும் எல்லைக்குள் விரியன் பாம்பு தங்காது என்று பழைய இருவரிப் பாட்டு ஒன்று உண்டு. பிரினஸ் பாம்பு கடித்து இறந்தார் என்னும் மரபுக் கதையோடு இது சேர்ந்தது. புனிதரின் பெயரால் ஓர் எல்லைக்குள் விஷம் தீண்டாது என்று நம்புவது நம் சிற்றூர்களுக்கும் புதியதன்று.

கேள்வி: பழைய மண்மேடுகளையெல்லாம் காப்பாற்றச் சட்டம் வேண்டுமா? கோயிலோ கோட்டையோ என்றால் சரி. வெறும் மேட்டை விவசாயி உழுதால் என்ன குற்றம்? (ஈரோடு வாசகர், விவசாயி)

பதில்: இதே கேள்விதான் 1870-இல் டார்செஸ்டரில் எழுந்தது. மேலே சொன்ன டைக் ஹில்ஸ் இருக்கும் நிலத்தை உழவுக்கு வாகாகச் சமன்படுத்த, மேடுகளை வெட்டிப் பள்ளத்தில் தள்ளத் தொடங்கினார்கள். நிலம் அவர்களுடையது, அன்றைய சட்டப்படி அதில் குற்றம் ஏதுமில்லை. தொல்லியல் ஆர்வலரான இராணுவ அதிகாரி அகஸ்டஸ் லேன் ஃபாக்ஸ் இதனை அறிந்து நேரில் ஆராய்ந்து, அழிவு நெருங்கிவிட்டது என்று அறிஞர் சங்கத்தின் ஏட்டில் எழுதி எச்சரித்தார். அறிஞர்களும் செய்தித்தாள்களும் குரல் எழுப்பியதால் வேலை நின்றது. அதற்குள் ஒரு பகுதி போய்விட்டது.

அந்த மேட்டைத் தோண்டியதில், 1874-இல், ரோமானிய ஆட்சியின் கடைசிக் காலத்துக் கல்லறைகள் வெளிப்பட்டன. ஒன்றில் இராணுவ அலுவலரின் வெண்கல இடுப்புவார்ப் பொருத்துகளுடன் ஓர் ஆண். இன்னொன்றில் ஜெர்மானியப் பாணி அணியூசியுடன் ஒரு பெண். ரோமானியப் பிரிட்டன் மறைந்து ஆங்கிலேயரின் முன்னோர் வரத் தொடங்கிய அந்த மங்கலான இடைக்காலத்துக்கு, இவை மிக முக்கியமான சான்றுகள். மேட்டில் ஒன்றுமில்லை என்று நினைத்த இடத்தில் ஒரு நாட்டின் தொடக்கமே புதைந்து கிடந்தது. மேட்டை உழக் கூடாது என்பதற்கு நான் சொல்லும் காரணம் இதுதான்.

டைக் ஹில்ஸ் போன்ற நிகழ்ச்சிகளை எடுத்துக்காட்டித்தான் சர் ஜான் லப்பக் 1873 முதல் நாடாளுமன்றத்தில் ஆண்டுதோறும் மசோதா கொண்டுவந்து போராடினார். 1882-இல் தொன்மைச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. முதல் ஆய்வாளராக நியமிக்கப்பட்டவர் அதே லேன் ஃபாக்ஸ்தான். அதற்குள் உறவினர் வழிச் சொத்து வந்து பிட்-ரிவர்ஸ் என்று பெயர் மாறியிருந்தார். தங்கள் கவலைக்கும் அந்தச் சட்டம் இடங்கொடுத்தது: நிலச் சொந்தக்காரர் விரும்பினால் மட்டுமே சின்னம் அரசின் பாதுகாப்புக்கு வரும், கட்டாயம் இல்லை. பிட்-ரிவர்ஸ் ஊர் ஊராகப் போய் உரிமையாளர்களிடம் பேசிச் சம்மதம் பெற வேண்டியிருந்தது. அரசு தலையிடும் வலுவான அதிகாரம் அங்கே 1913-இல்தான் வந்தது. அதற்கு முன்னின்று பாடுபட்டவர்களுள் ஒருவர், இந்தியாவில் 1904-இல் தொன்மைச் சின்னங்கள் சட்டத்தைக் கொண்டுவந்த முன்னாள் வைஸ்ராய் கர்சன். நம் நாட்டுச் சின்னங்களுக்குக் கிடைத்த காப்பு, அவர் தம் சொந்த நாட்டுக்குக் கேட்ட காப்பைவிட ஒன்பது ஆண்டு மூத்தது.

விவசாயியை நான் குற்றவாளி என்று சொல்லவில்லை. இன்று அந்த மேட்டின் மீது ஆடு மாடு மேய்கிறது. மேய்ச்சல் மண் அரணுக்குக் கேடு செய்வதில்லை, கலப்பைதான் செய்யும்.

கேள்வி: எல்லாவற்றையும் காப்பாற்றிவிட்டார்கள் என்பது போல எழுதுகிறீர்கள். அவர்கள் எதையுமே இழக்கவில்லையா? (மதுரை வாசகர், கட்டடப் பொறியாளர்)

பதில்: இழந்தார்கள், அதுவும் மிகப் பெரியதை. ஊருக்கு வடக்கே, இணையான இரண்டு பள்ளங்களுக்கு நடுவே ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு செல்லும் புதிய கற்கால வழிபாட்டுத் தடமும், அதைச் சுற்றி வட்ட வடிவ அமைப்புகள் பலவும் இருந்தன. தரையில் நின்றால் எதுவும் தெரியாது. 1930-களில் மேஜர் ஆலன் என்பவர் விமானத்திலிருந்து எடுத்த படங்களில், விளைந்த பயிரின் நிற வேறுபாட்டில் இவை கோடுகளாகத் தெரிந்தன. கண்டுபிடிக்கப்பட்ட சிறிது காலத்துக்குள், அடியிலிருந்த சரளைக் கல் கட்டுமானத்துக்காகத் தோண்டப்பட்டது. 1940-களின் பிற்பகுதியில் ரிச்சர்ட் அட்கின்சனும் உடனிருந்தோரும் இயந்திரத்துக்கு முன்னால் ஓடி ஓடி அகழாய்வு செய்து, தகனம் செய்த எலும்புகள் புதைக்கப்பட்ட வட்டங்களைப் பதிவு செய்தார்கள். ஸ்டோன்ஹென்ஜைப் புரிந்துகொள்ளவே இந்தக் குறிப்புகள் இன்றும் தேவைப்படுகின்றன. ஆனால் இடம் இல்லை. அங்கே இப்போது கிடப்பவை சரளை எடுத்த பள்ளங்களில் தேங்கிய ஏரிகள்.

போருக்குப் பிந்திய இங்கிலாந்துக்கு வீடும் சாலையும் தேவைப்பட்டன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போஃபாரெஸ்ட் இருந்த இடத்தில் தேவாலயம் நின்றது. லேன் ஃபாக்ஸ் வந்த இடத்தில் மேடு பாதியாவது நின்றது. வழிபாட்டுத் தடத்துக்கோ, பதிவு செய்ய ஆள் வந்தார்கள், தடுக்க எவரும் வரவில்லை. மரபு தானாக எஞ்சுவதில்லை, யாரோ ஒருவர் பெயர் சொல்லக்கூடிய அளவுக்கு அதற்காக மெனக்கெட்டிருக்க வேண்டும் என்பதை இந்தச் சிறிய ஊரின் நிலமே காட்டுகிறது.

இன்னொன்றும் உண்டு. ஊர் வளராமல் நின்றதும் ஒரு காப்பாக அமைந்தது. ஆக்ஸ்ஃபோர்டும் வாலிங்ஃபோர்டும் நகரங்களாக எழுந்த பின் டார்செஸ்டர் சுருங்கியது. அதனால் ரோமானிய நகரத்தின் ஒரு பகுதி, ஊர்மக்கள் சிறு வாடகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிடும் துண்டு நிலங்களாகவே இன்றும் இருக்கிறது. கட்டடம் ஏறாததால் அங்கே அகழாய்வு செய்ய முடிந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமும் தொல்லியலாளர்களும் அந்தத் தோட்டங்களுக்கிடையே ஆண்டுதோறும் கோடையில் தோண்டிய குழிகளில், ரோமானியத் தெருவும் வீடுகளும் வெளிவந்தன.

கேள்வி: ஒரு பெண்ணின் கல்லறைக் கல்லில் மிக உருக்கமான வாசகம் இருப்பதாக என் தோழி எழுதியிருந்தாள். அது என்ன? (திருச்சி வாசகி)

பதில்: சாரா ஃபிளெட்சர் என்னும் பெண்ணின் கல் அது, தேவாலயத்தின் உள்ளே தரையில் பதிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்து ஊரான கிளிஃப்டனில் 1799-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள், தம் 29-ஆவது வயதில் இறந்தார். படிப்பவரை நேரே விளித்து, இளகிய மனம் உடையவராயின் இந்த இடத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள் என்று தொடங்குகிறது வாசகம். இவ்வுலகின் முரட்டு இடிகளைத் தாங்க முடியாத அளவுக்கு மெல்லிய நரம்புகளால் நூற்கப்பட்டவர் அவர் என்றும், அளவுகடந்த உணர்ச்சிக்குப் பலியானார் என்றும் சொல்கிறது. கணவர் கேப்டன் ஃபிளெட்சரின் பெயரும் அதில் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது என்ன என்பதை ஊரார் வழிவழியாக வெவ்வேறு விதமாகச் சொல்கிறார்கள். கல் அதைப் பற்றி மௌனம் சாதிப்பதே கண்ணியம் என்று எனக்குப் படுகிறது.

கேள்வி: என் மகள் ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கிறாள். ஒரே நாளில் அந்த ஊரைப் பார்த்து வர முடியுமா? ஆற்றையும் பார்க்க விரும்புகிறோம். (சேலம் வாசகர்)

பதில்: தாராளமாக முடியும். தேவாலயத்திலிருந்து தொடங்குங்கள். அதை ஒட்டி, மடத்து விருந்தினர் தங்கிய பழைய கட்டடத்தில் சிறு அருங்காட்சியகம் இருக்கிறது. கோடை மாதங்களில் திறந்திருக்கும் என்பதால் போகும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது. பிறகு பெரிய தெருவில் நடந்து பழைய விடுதிகளைப் பாருங்கள். இலண்டனையும் ஆக்ஸ்ஃபோர்டையும் இணைத்த குதிரை வண்டிகள் ஒரு காலத்தில் இந்தத் தெருவழியாகத்தான் ஓடின. பின்னர் மோட்டார் வாகனங்களும் இதையே நெருக்கிக்கொண்டு போயின. 1980-களின் தொடக்கத்தில் ஊருக்கு வெளியே புறவழிச் சாலை போட்ட பிறகுதான் தெருவுக்கு மூச்சு வந்தது. தேம் சிற்றாற்றின் மேல் உள்ள கல் பாலம் 1815-இல் முடிந்தது.

அங்கிருந்து தெற்கே வயல் பாதையில் போனால் டைக் ஹில்ஸ் மேடுகளை ஒட்டி நடந்து தேம்ஸை அடையலாம். கரையில் டேஸ் லாக் என்னும் படகு மதகு இருக்கிறது. ஆற்றின் நீர்மட்டம் மேலும் கீழுமாக மாறும் இடத்தில் படகுகளை ஏற்றி இறக்க 1789-இல் அமைத்தது. இரண்டு கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தி, நீரை நிரப்பியோ வடித்தோ அதனை உயர்த்தித் தாழ்த்துவதை நின்று பார்க்கலாம். பக்கத்திலுள்ள நடைபாலத்தில், குழந்தைகள் மேற்புறத்தில் குச்சியைப் போட்டு, கீழ்ப்புறம் ஓடிச் சென்று யாருடைய குச்சி முதலில் வருகிறது என்று பார்ப்பதைக் கண்ட மதகுக் காவலர், கடல்மீட்புப் படகுச் சங்கத்துக்கு நிதி திரட்ட 1984-இல் அதையே ஒரு போட்டியாக்கினார். வெளிநாட்டவரும் வந்து கலந்துகொள்ளும் அளவுக்கு அது வளர்ந்து, பின்னாளில் வேறிடத்துக்கு மாறியது. பாலத்தைக் கடந்து அக்கரையில் ஏறினால் விட்டனம் குன்று. உச்சியிலிருந்து திரும்பிப் பார்த்தால், இதுவரை எழுதிய இரட்டை அரண், இரண்டு ஆறுகள், தேவாலயக் கோபுரம் அனைத்தும் ஒரே காட்சியில் விரியும். மழைக்காலத்தில் அந்தப் புல்வெளிகளில் ஆற்று வெள்ளம் ஏறி நிற்கும். ஆகவே மே மாதத்துக்குப் பின் போகச் சொல்லுங்கள். எப்போது போனாலும் செருப்பு வேண்டாம், கணுக்கால் மூடிய காலணி போதும்.